பள்ளிக்கூட வாசல் – 9: பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் நடுவே

இந்த ஆண்டு ஜனவரி 12, திங்கட்கிழமை, ஜொகூரில் பள்ளிக்கூடங்கள் திறந்தன. நான்காம் நாள் பொங்கல். மூன்றாம் வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். கோவிட் காலம் பள்ளி நாள்காட்டியைக் கலைத்துப்போட்ட பிறகு, 2022 முதல் மூன்று ஆண்டுகள் மார்ச்சிலும் 2025இல் பிப்ரவரியிலும் தொடங்கிய கல்வியாண்டு, இப்போதுதான் பழையபடி ஜனவரிக்குத் திரும்பியிருக்கிறது. பொங்கல் புத்தாடையும் பள்ளிச் சீருடையும் ஒரே வாரத்தில் வாங்க வேண்டிய பழைய அவசரமும் கூடவே திரும்பிவிட்டது.

ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த மூன்று வாரம் லேசானதல்ல. தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒன்றாகத் தொடங்குகின்றன. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஒரு பக்கம். ரோமன் எழுத்தில் இரண்டு மொழி இன்னொரு பக்கம். பாடப்புத்தகத்தில் இல்லாத பாடங்கள் இதைவிட அதிகம். கழிப்பறைக்குப் போக யாரிடம் கேட்பது, கேண்டீனில் காசை எப்படிக் கொடுத்து மீதியை வாங்குவது, மணியடித்ததும் எந்த வேனில் ஏறுவது என்று எல்லாவற்றையும் கற்றாக வேண்டும். பள்ளிக்கூடம் பிடித்துப்போகிறதா, வயிற்றைக் கலக்குகிறதா என்பது பெரும்பாலும் தைப்பூசத்துக்குள் தெரிந்துவிடும்.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு இடம் மாறிய பள்ளிகளைப் போன வாரம் பார்த்தோம். பள்ளி திறக்கும் வேளையில் நாம் செய்கிற உதவிகளைப் பற்றி இந்த வாரம் பேசலாம். பொருள் கொடுப்பதில் நம் சமூகம் நன்றாகத் தேறிவிட்டது. நேரம் கொடுப்பதில்தான் இன்னும் முதலாம் ஆண்டிலேயே இருக்கிறது.

பை நிறைந்துவிட்டது

பாடநூல் இரவல் திட்டம் 1975இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 2008 முதல் பெற்றோரின் வருமானம் பார்க்காமல் எல்லா மாணவருக்கும் பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளித் தொடக்க உதவியாக அரசாங்கம் பிள்ளைக்கு 150 வெள்ளி தருகிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணையுணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே சாப்பாடு உண்டு. வெள்ளைக் காலணி போய்க் கறுப்புக் காலணி வந்ததும் சின்ன விஷயமல்ல. 2018இல் அதை அறிவித்த அன்றைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக், அப்போது ஜொகூரின் சிம்பாங் ரெங்காம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். வாரக் கடைசியில் காலணிக்கு வெள்ளை பூசி வெயிலில் காயவைத்த தாய்மார்களைக் கேட்டால் அந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

இவை போக, கோயில், இளைஞர் மன்றம், அரசியல் கட்சிக் கிளை, முன்னாள் மாணவர் சங்கம் என்று ஆளுக்கொரு பக்கம் பை கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்வதற்கில்லை. இரண்டு சட்டை, இரண்டு கால்சட்டை, காலணி, காலுறை, பை, எழுதுபொருள் என்று கணக்குப் போட்டால் 150 வெள்ளி சீக்கிரம் கரைந்துவிடும். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அந்தப் பை இல்லாவிட்டால் சிரமம்தான். ஆனால் கொடுப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாததால் ஒரே பிள்ளைக்கு இரண்டு பை வருவதும் பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு ஒன்றும் வராமல் போவதும் நடக்கிறது. இதற்கு மருந்து பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் நலத்துக்குப் பொறுப்பான துணைத் தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. எந்த வீட்டில் எது இல்லை என்பதை அவரைப் போல் அறிந்தவர் வெளியில் யாருமில்லை. டிசம்பரிலேயே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பை வாங்கினால் போதும்.

பெரட்டும் பாலமும்

அந்தக் காலத்தில் தோட்டத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லிப் பெருமூச்சு விடுவோர் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. தோட்டப்பள்ளி பல இடங்களில் ஒரே கூரையின் கீழ் நாலைந்து வகுப்பை அடைத்த கொட்டகைதான். ஆறாம் வகுப்பு முடிந்ததும் பால்வாளியைத் தூக்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான்.

ஆனாலும் தோட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு எல்லாரும் போய்விடுவார்கள். அப்பாவும் அம்மாவும் இருட்டோடு மரத்தடிக்குப் போன பிறகு, கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகை பார்த்துக்கொண்டது. பெரிய பிள்ளைகளை அடுத்த வீட்டுப் பாட்டி எழுப்பினாள். பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில் இருந்தது. ஒரு பிள்ளை வராவிட்டால் வாத்தியார் லயத்துக்கே ஆளனுப்புவார். பெற்றோர் வீட்டில் இல்லாத விடியற்காலை நமக்குப் புதிதல்ல. மூன்று தலைமுறை அப்படித்தான் பள்ளிக்குப் போனது. இடையில் நின்று பார்த்துக்கொள்ள ஊர் இருந்தது.

இன்று மாசாய், ஸ்கூடாய், பெர்மாஸ் ஜெயா தாமான்களில் அதே விடியல்தான். பெரட்டுக்குப் பதில் சிங்கப்பூர் போகும் பாலம். 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தில் அதிகாலை நான்கு, ஐந்து மணிக்கே மோட்டார் சைக்கிள்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரும். கடப்பிதழ் சட்டைப்பையில், மழைக்கோட்டு இருக்கைக்கு அடியில், எட்டு மணி வேலைக்கு விடியுமுன் புறப்பாடு. சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது, வீட்டுக்கடன் அடைகிறது. அதே வேளையில் ஏழு வயதுப் பிள்ளை இருட்டில் எழுந்து, பாட்டி கையால் ஒரு மடக்கு மைலோ குடித்து, வேனுக்காக வாசலில் நிற்கிறது. இருட்டு என்றால் உண்மையிலேயே இருட்டுதான். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தது. அதனால் ஜனவரியில் ஜொகூரில் சூரியன் தலைகாட்டவே ஏழு மணியைத் தாண்டிவிடுகிறது. பள்ளி மணி அடிக்க அதற்குப் பிறகு அதிக நேரமில்லை.

பாட்டி இல்லாத வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும். ஒன்பது வயது அக்கா ஏழு வயதுத் தம்பிக்குப் பொத்தான் போட்டு விடுகிறாள்.

பள்ளி வாசலில் 'வேன் அங்கிள்' என்று பிள்ளைகள் அழைக்கும் அந்த மனிதரைப் பற்றி நாம் எழுதுவதே இல்லை. தாமான் பள்ளிகளில் பழைய தோட்டத்து வேலையைப் பாதி செய்வது அவர்தான். யார் சாப்பிடாமல் வந்தது, யாருடைய அப்பா ஒரு வாரமாக வீட்டுக்கு வரவில்லை, யார் வேனில் அழுதது என்பதெல்லாம் வகுப்பாசிரியருக்கு முன்பே அவருக்குத் தெரியும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு அவரை அழைத்த பள்ளி எத்தனை?

கைகூடாத ஞாயிறு

ஜொகூருக்கே உரிய இன்னொரு சிக்கல் இருந்தது. 2014 ஜனவரி முதல் 2024 கடைசி வரை இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரிலோ சனியும் ஞாயிறும். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருந்தால் பிள்ளை பள்ளியில். வெள்ளிக்கிழமை பிள்ளை வீட்டில் இருந்தால் அப்பா பாலத்தில். சனிக்கிழமையும் வேலை இருக்கும் தொழிலாளிக்குப் பிள்ளையோடு முழுதாய் ஒரு நாள் கிடைப்பதே அரிது. பள்ளி துப்புரவுப் பணி, பெற்றோர் சந்திப்பு, விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் வரும் முகங்கள் ஒரே சில முகங்களாகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அக்கறை இல்லாத பெற்றோர் என்று அவர்களைச் சொல்லிவிட்டோம்.

2025 ஜனவரி முதல் ஜொகூர் மறுபடி சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. எல்லைக்கு இருபுறமும் நாள்காட்டி ஒன்றாகிவிட்டது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்குக் கட்டப்படும் விரைவு ரயிலும் ஓடத் தொடங்கினால் வரிசையில் போகும் நேரம் கொஞ்சம் குறையக்கூடும். 'நேரமில்லை' என்ற பதில் முன்பு நியாயமாக இருந்தது. இனி அதன் பலம் பாதிதான். பள்ளிகளும் பழைய பழக்கத்தில் கூட்டத்தை வேலைநாள் காலையில் வைக்காமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நூறு பேரும் ஆயிரம் பேரும்

ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து ஆகாது. மாசாய் தமிழ்ப்பள்ளி போன்ற நகர்ப்புறப் பள்ளிகளில் முதல் நாள் வாசலே தேர்த்திருவிழாவாக இருக்கும். ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி பெயரில்தான் தோட்டம். சுற்றி நிற்பது முத்தியாரா ரினி வீடமைப்புப் பகுதி. இங்கெல்லாம் கவலை, கூட்டத்தில் ஒரு பிள்ளை காணாமல் போவது. காணாமல் என்றால் கடத்தல் அல்ல. வாய் திறக்காத பிள்ளை ஒன்று மூன்று வாரம் யார் கண்ணிலும் படாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது.

சிகாமட், லாபிஸ், குளுவாங் பக்கத்து உட்புறப் பள்ளிகளில் நிலைமை நேர் எதிர். 150 பேருக்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற வரிசை; முப்பதுக்கும் கீழே இறங்கினால் இரண்டு வகுப்பை இணைத்து ஒரே ஆசிரியர் நடத்தும் நிலை. அங்கே ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எல்லா ஆசிரியருக்கும் தெரியும். குறைவது தோழமை. முதலாம் ஆண்டில் நான்கே பேர் என்றால், அதில் ஒருவன் வராத நாளில் வகுப்பே பாதி வெறிச்சோடும். செம்பனைத் தோட்டத்து வேலை வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் போய், நம் குடும்பங்கள் பட்டணம் போய்விட்ட பிறகு, அந்தப் பள்ளிகளைத் தாங்குவது பக்கத்து ஊரிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரும் ஒரு வேன்தான். அதன் எண்ணெய்ச் செலவை யாராவது ஏற்றால் பள்ளி ஓடும்; ஏற்காவிட்டால் அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் ஆளிராது. 2010 அளவில் நாடு முழுவதும் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் தொகை இன்று 80,000க்கும் கீழே என்பதை மேடையில் பேசி வருந்துகிறோம். அதில் ஒரு பகுதி வேன் இல்லாததால் போன பிள்ளைகள்.

வெள்ளத்தையும் மறக்கக்கூடாது. வடகிழக்குப் பருவமழையும் பள்ளித் தொடக்கமும் ஜொகூரில் முட்டிக்கொள்வது புதிதல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்கள் மூழ்கின. 2023 மார்ச்சில், 19ஆம் தேதி பள்ளி திறக்க இருந்த மாதத்திலேயே, 40,000க்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களில் இருந்தார்கள். பத்து பகாட்டில் தண்ணீர் வடிய வாரக்கணக்கில் ஆனது. மையங்களாக இருந்தவையும் பல இடங்களில் பள்ளிக்கூடங்களே. மீண்டும் ஜனவரியில் பள்ளி திறப்பதால் மழைக்கு நெருக்கமாக வந்துவிட்டோம். சீருடையும் பிறப்புப் பத்திரமும் நனையாத உயரத்தில் இருக்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்க அலமாரியில் எல்லா அளவிலும் சில சீருடைகள் டிசம்பரிலேயே தயாராகட்டும்.

ஆள் வேண்டும்

செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் இல்லை. முதல் மூன்று வாரத்துக்கு வேலை ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருக்கும் தாய்மார்கள், முன்னாள் மாணவர்கள் சேர்ந்து தினம் இரண்டு பேர் பள்ளி வாசலில் நிற்கலாம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பெயர் கொடுத்துவிட்டுப் போனால் எந்தப் பள்ளியும் தடுக்காது. சீக்கிரம் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு மணியடிக்குமுன் ஒரு பொட்டலம் மீகூன் கிடைத்தால் முதல் பாடம் காதில் ஏறும். மூன்றாம் நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் போகுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு போகட்டும். தொடக்கக்கல்வி 2003 முதல் கட்டாயம். சட்டம் அபராதம் போடும். காய்ச்சலா, வேன் காசு இல்லையா, பயமா என்று கேட்பது ஊரின் வேலை.

பாட்டிமார் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு துணை தேவை. உதவிப்பணப் பாரங்கள், பள்ளிச் செய்திகள் எல்லாம் மலாயில், அதுவும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. தோட்டத்தில் பாதி ஆயுள் கழித்த பாட்டிக்கு அவற்றைப் படித்துச் சொல்ல, பாரம் நிரப்பித் தர, பிறப்புப் பத்திரத்தில் குறையிருந்தால் பதிவு இலாகாவுக்குக் கூட்டிப்போகத் தெருவுக்கு ஒருவர் போதும். மாலையில் பதினைந்து நிமிடம் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழ்ப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கவைக்க, கல்லூரி மாணவர் ஒருவர் போதும். 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பு, பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் தங்கள் நேரத்தைக் கொடுத்ததால் வளர்ந்தது. நேரம் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமலில்லை. அது தேர்வுக்கு உட்காரும் பிள்ளைகளோடு நின்றுவிட்டது. முதலாம் ஆண்டுவரை இறங்கி வர வேண்டும்.

ஜொகூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டங்கள் வரும் வாரங்களில் நடக்கும். உங்கள் பிள்ளை அங்கே படித்தால் கட்டாயம் போங்கள். போய், கட்டட நிதி, மேடை அலங்காரம் எல்லாம் பேசி முடித்த பிறகு, மூன்று கேள்வி கேளுங்கள்: வேன் காசு கொடுக்க முடியாத பிள்ளைகள் எத்தனை பேர், காலையில் சாப்பிடாமல் வருவோர் எத்தனை பேர், இந்த மூன்று வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வராதோர் எத்தனை பேர். பதில் கிடைத்ததும் அதில் ஒன்றுக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்த வாரம்: தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் புகுமுக வகுப்பும்.

(தொடரும்)