அழுகிய கத்தரிக்காயும் மாணவர் ஆராய்ச்சியும்

கலாசாலையில் புதிதாகச் சேர்ந்த மாணவனுக்கு ஆராய்ச்சி எதற்கு, முதலில் பாடத்தை நெட்டுருப் போடட்டும் என்று சொல்லும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அன்னார் கவனத்திற்கு ஒரு கத்தரிக்காயின் வரலாற்றைக் கொண்டுவர விரும்புகிறோம்.

2010-ஆம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் (1860-இல் சென்னையிலிருந்து சென்ற முதற் கப்பலில் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாய் இறங்கிய துறைமுகம் அதுவே) ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடியிலிருந்து சிறிது சுரண்டி எடுத்தாள். அவள் தேடியது பாக்டீரியோபேஜ். அதாவது பாக்டீரியாவினுள் புகுந்து பெருகி, அதை வெடிக்கச் செய்து வெளிவரும் வைரஸ். 1917-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்து டெரெல் இட்ட பெயர் அது. எடுத்ததை நீரில் கலக்கி, பாக்டீரியாவும் புகமுடியாத வடிகட்டியில் வடித்து, க்ஷயக் கிருமியின் சாதுவான உறவினமாகிய மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸுடன் தட்டில் ஊற்றிவைத்தால், சில நாளில் கிருமிப் படலத்தில் தெளிந்த வட்டங்கள் தோன்றும். அவ்வட்டங்களே பேஜ் நடத்திய சங்காரத்தின் அடையாளம். கண்டெடுத்தவருக்கே பெயரிடும் உரிமை. அவள் இட்ட பெயர் ஆங்கிலத்தில் சேறு படிந்தது என்று பொருள்படும் 'மட்டி'. தமிழில் அச்சொல்லுக்குள்ள பொருளை நேயர்கள் மறந்துவிடுவார்களாக!

அமெரிக்காவில் ஹோவர்ட் ஹ்யூஸ் வைத்திய ஸ்தாபனம், பிட்ஸ்பர்க் சர்வகலாசாலைப் பேராசிரியர் கிரஹாம் ஹாட்புல்லுடன் சேர்ந்து 2008-இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, முதல் வருஷ மாணவர்களே இவ்வேலையைச் செய்கின்றனர். பேஜின் ஜீனோமாகிய பரம்பரைச் சாஸனத்தைப் படித்து, எந்த ஜீன் எங்கே தொடங்குகிறது, அதன் தொழில் யாது என்று தீர்ப்புச் சொல்வதும் அவர்கள் பொறுப்பே. கம்ப்யூட்டர் ஓர் அபிப்பிராயம் கூறும். அதை அப்படியே ஏற்காமல் ருஜுக் கேட்டுக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். வக்கீல் தொழில் அறிந்த நமக்கு இப்பகுதி மிகவும் பிடித்திருக்கிறது. விடை ஆசிரியருக்கும் முன்கூட்டித் தெரியாது.

எட்டு வருஷங்கள் கழிந்தன. லண்டனில் நுரையீரல்கள் இரண்டையும் மாற்றப்பெற்ற 15 வயதுப் பெண்ணொருத்திக்கு மைக்கோபாக்டீரியம் அப்ஸெஸஸ் என்ற கிருமி உடலெங்கும் பரவி, எம்மருந்துக்கும் அடங்கவில்லை. வைத்தியர்கள் ஹாட்புல்லின் உதவியை நாடினர். சேமிப்பிலிருந்த மட்டி அக்கிருமியைக் கொன்றது. வேறு இரு பேஜ்கள் கிருமியைக் கொல்லாமல் அதனுள்ளே உறங்கும் இயல்பின. அவற்றின் ஜீனோம் தெரிந்திருந்தபடியால், உறங்கவைக்கும் ஜீனை நீக்கி அவற்றையும் ஆயுதமாக்கினர். 2018 ஜூனில் மூன்றையும் இரத்தத்தில் செலுத்தத் தொடங்கினர். ஆறு மாதங்களில் அவள் தோற்புண்கள் பெரும்பாலும் ஆறின. பூரண குணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கத்தரிக்காயைச் சுரண்டிய அன்று, இதனால் என்ன பிரயோஜனம் என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தால், பதில் கூற எவராலும் முடிந்திராது.

2022-இல் வெளியான அறிக்கையின்படி, இவ்வாறு சிகிச்சை பெற்ற 20 நோயாளிகளில் 11 பேருக்கு நன்மை உண்டாயிற்று. ஒருவர் கிருமியைக் கொல்லும் பேஜ் மற்றொருவர் கிருமியைத் தொடாமலும் போகலாம். பலருக்கு ஏற்ற பேஜ் சேமிப்பிலேயே இல்லை. மாணவர்கள் இன்னும் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கின்றனர்.