கண்ணாடி வீண் செலவா?

அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில், குலை வெட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பிய தோழர் ஒருவரைக் கண்டோம். இடது கண் செக்கச் செவேலென்று வீங்கியிருந்தது. மட்டையை இழுக்கும்போது மேலிருந்து செத்தை கொட்டியதாம்.

“கண்ணாடி கொடுக்கலையா அண்ணே?”

“கேட்டேன் தம்பி. அதெல்லாம் வீண் செலவுன்னுட்டாரு மண்டோரு.”

வீண் செலவுதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

செம்பனையில் 10 முதல் 14 நாளுக்கொரு சுற்று வெட்டியாக வேண்டும். வெட்டுகிறவர் இரண்டு வாரம் படுத்துவிட்டால் அவருடைய நிரை அப்படியே நிற்கும். பழம் அளவுக்கு மீறிக் கனிந்து உதிரும். பொறுக்கக் கூடுதல் ஆள் வேண்டும். பொறுக்காமல் விட்டது புல்லுக்குள் போச்சு. முற்றி அடிபட்ட பழத்தின் எண்ணெயில் புளிப்பு ஏறும், விலை இறங்கும். பழக்கமில்லாத ஆளை அங்கே அனுப்பினால் காய்க்குலையும் சேர்ந்து விழும், அதில் எண்ணெய் குறைவு. இந்த நஷ்டமெல்லாம் ஆபீஸ் கணக்கில் ‘விபத்து’ என்ற பெயரில் ஏறுவதே இல்லை. கண்ணாடி வாங்கிய சில வெள்ளி மட்டும் செலவுப் பக்கத்தில் பளிச்சென்று தெரிகிறது!

நம் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. டன் கணக்கில் கூலி என்பதால், தொப்பி வேர்க்குது, கண்ணாடி மங்குது என்று கழற்றி மரத்தடியில் வைத்துவிடுகிறோம். மின்கம்பி ஓடும் நிரையில்கூட அலுமினியக் கம்பை நிமிர்த்துகிற துணிச்சல்காரர்கள் உண்டு. கம்பு கம்பியில் பட்டால் உயிர் மிஞ்சாது.

1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்புக்காக முதலாளி கொடுக்க வேண்டிய பொருளுக்கு நம்மிடம் காசு பிடிக்கக் கூடாது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளருக்கும் இடம் உண்டு. ஆபத்து என்று புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. உங்கள் தோட்டத்தில் குழு இருக்கிறதா? பெரட்டில் கேளுங்கள்.

அடிபட்டால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாமல் டாக்டர் விடுப்பு கொடுத்திருந்தால், சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும்.

“சீட்டு வாங்கினீங்களா அண்ணே?”

“எங்க தம்பி! கடையில சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கிட்டேன். நாளைக்கு வேலைக்குப் போவலேன்னா நெரை போயிடும்.”

பொழுது விடிந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்படி அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தோம்.