எடை குறைந்த மல்லர்க்கும் ஒரு பட்டம்

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்து வளர்ந்த நம் தமிழ்க் குடும்பங்களிலும் மாலையானால் தொலைக்காட்சியில் அமெரிக்கக் குஸ்திதான். என் பேரன் கொஞ்சம் ஒல்லி. "தாத்தா, பயில்வான்னா மலை மாதிரிதான் இருக்கணுமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே வாசக அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

இந்தக் குஸ்தியில் வெற்றி தோல்வி முன்பே முடிவு செய்யப்படுவது ஊரறிந்த சேதி. ஆனால், கயிற்றின் மேலேறிப் பாய்வதும் அந்தரத்தில் கரணம் போடுவதும் மெய்யான பயிற்சி. அதில் வல்லவர்கள் எடை குறைந்தவர்களே. நியூ ஜப்பான் நிறுவனம் 1986-ல் அவர்களுக்கென 'ஐ.டபிள்யூ.ஜி.பி. ஜூனியர் ஹெவிவெயிட்' பட்டத்தை ஏற்படுத்தியது. எடை வரம்பு 100 கிலோ. இன்றும் அங்கே அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அமெரிக்காவில் கதை வேறு. டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனத்தின் 'குரூசர்வெயிட்' பட்டத்தை 1996 மார்ச்சில் ஜப்பானியரான ஷின்ஜிரோ ஒட்டானி முதலில் பெற்றார். ஐந்தடி ஆறங்குல உயரமே உள்ள ரே மிஸ்டீரியோ எட்டு முறை அதை வென்றார். 2001-ல் போட்டி நிறுவனம் டபிள்யூ.சி.டபிள்யூ.வை விலைக்கு வாங்கியது, பட்டமும் கைமாறியது. 2007-ல் கோமாளி வேடத்தில் வந்த ஹார்ன்ஸ்வாகிள் என்பவருக்கு அதைக் கொடுத்து, சிரிப்புப் பொருளாக்கி, செப்டம்பரில் நிறுத்தியும் விட்டார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016-ல், 32 பேர் மோதிய பந்தயம் வைத்துப் புதிதாக ஒரு குரூசர்வெயிட் பட்டம் தொடங்கினார்கள். இம்முறை வரம்பு 205 பவுண்டு, அதாவது சுமார் 93 கிலோ. டி.ஜே. பெர்க்கின்ஸ் வென்றார். கனடாவில் வாழும் இந்திய வம்சாவளிச் சகோதரர்களான ஹார்வ் சிஹ்ரா, குர்வ் சிஹ்ரா இருவரும் அப்பந்தயத்தில் இறங்கி, முதல் சுற்றிலேயே தோற்றனர். அந்தப் பட்டமும் நிலைக்கவில்லை. 2022 ஜனவரியில் வேறொரு பட்டத்தோடு இணைத்து அதற்கு முடிவு கட்டினார்கள்.

இரண்டு முறையும் தோற்றது மல்லர்கள் அல்லர், நடத்தியவர்களின் மனம். ரயில்வேயில் உழைத்தவன் என்பதால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. மீட்டர் கேஜ் பாதையில் பிராட் கேஜ் எஞ்சின் ஓடாது. அதற்காக அந்தப் பாதையை மட்டமென்று நாங்கள் நினைத்ததில்லை. அதற்கென்று வண்டி கட்டி, ஆயிரமாயிரம் பேரை ஊர் சேர்த்தோம்.

மெய்யான மல்யுத்தத்தில் நம் நாட்டுக்குப் பெருமை வந்ததும் இப்படித்தான். மகாராஷ்டிரத்தின் கராட் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை கே.டி. ஜாதவ், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர்ப் பதக்கம் அது. எடை பாராமல் எல்லோரையும் ஒரே கோதாவில் இறக்கியிருந்தால் அந்த வெண்கலம் நமக்கு ஏது?

பிள்ளை ஒல்லியாக இருக்கிறானே என்று கவலைப்படும் பெற்றோர்களே, அவனைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நிறுத்துப் பார்க்காதீர்கள். அவன் எடைக்கு ஏற்ற களம் எதுவென்று தேடிக் கொடுங்கள்.