தடாச் சட்டமும் ஒப்புதல் வாக்குமூலமும்

தடாச் சட்டம் என்பது 1985 முதல் 1995 வரை இந்தியாவில் நடைமுறையில் இருந்த பயங்கரவாத மற்றும் சீர்குலைவு நடவடிக்கைகள் (தடுப்பு) சட்டத்தின் சுருக்கப் பெயர் ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஆன இச்சொல்லே தமிழ்ச் செய்தித்தாள்களிலும் நிலைபெற்றது. நாட்டின் பாதுகாப்பிற்காகத் தனிமனித உரிமைகளை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்ற வாதத்தில் இச்சட்டம் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அவ்வாதத்தின் மையமாக விளங்குவது காவல்துறையிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்ற இதன் 15 ஆம் பிரிவாகும்.

பின்னணி

1980களில் பஞ்சாபில் ஆயுதக் கிளர்ச்சி தீவிரமடைந்தது. 1984 அக்டோபரில் பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். 1985 மே மாதத்தில் தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வானொலிப் பெட்டிகளுக்குள் மறைக்கப்பட்ட குண்டுகள் வெடித்தன. அதே மாதத்தில் நாடாளுமன்றம் இரண்டாண்டு ஆயுளுடன் முதல் தடாச் சட்டத்தை இயற்றியது. 1987 இல் அதனினும் கடுமையான புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. தற்காலிகச் சட்டமாகவே பிறந்த இது, மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டுப் பத்தாண்டுகள் நீடித்தது.

பொதுச் சட்டப்படி, 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிடில் கைதானவர் பிணை பெறலாம். தடாவில் இக்காலம் ஓராண்டாக இருந்தது. 1993 இல் 180 நாட்களாகக் குறைக்கப்பட்டாலும், நீதிமன்றம் ஓராண்டு வரை நீட்டிக்க இயலும். வழக்குகளைத் தனி நீதிமன்றங்கள் விசாரித்தன. மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்திற்கே சென்றது. இதனால் உயர் நீதிமன்றம் என்ற ஒரு படிநிலை இல்லாமற் போயிற்று.

15 ஆம் பிரிவு

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமே, காவல் அதிகாரியிடம் ஒருவர் அளிக்கும் ஒப்புதலை அவருக்கெதிராகப் பயன்படுத்தக் கூடாது எனத் தடுத்திருந்தது. அடித்துத் துன்புறுத்தி வாக்குமூலம் பெறும் வழக்கம் அன்றே அறியப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். குடியேற்ற அரசு வைத்த அக்காப்பைச் சுதந்திர இந்தியாவின் சட்டம் ஒன்று நீக்கியது என்பது கவனிக்கத்தக்கது.

1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி, காவல் கண்காணிப்பாளர் அல்லது அவருக்கு மேற்பட்ட நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படும். ஒப்புதல் அளிக்கக் கட்டாயம் இல்லை என்பதை அதிகாரி முன்கூட்டியே விளக்க வேண்டும். 1993 ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவரது வாக்குமூலத்தை அவருடன் சேர்த்து விசாரிக்கப்படும் மற்றவர்களுக்கு எதிராகவும் பயன்படுத்த வழிசெய்தது. உயிருக்கு அஞ்சிச் சாட்சிகள் முன்வராத சூழலில் வேறு வழியில்லை என்பது அரசுத் தரப்பு வாதம். அவ்வச்சம் கற்பனையன்று. ஆயினும், சந்தேகிக்கப்படுபவரைக் காவலில் வைத்திருக்கும் துறையே அவருக்கெதிரான சான்றையும் உருவாக்குவதற்கு அது விடையாகாது.

கர்த்தார் சிங் வழக்கு

சட்டத்தின் செல்லுபடியை எதிர்த்த வழக்குகளில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 1994 மார்ச் 11 அன்று தீர்ப்பளித்தது. தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி எஸ். இரத்தினவேல் பாண்டியன் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். 15 ஆம் பிரிவு செல்லும் என மூவர் கருதினர், நீதிபதிகள் கே. இராமசாமியும் ஆர். எம். சகாயும் மாறுபட்டனர். அதே வேளையில், அச்சுறுத்தலற்ற சூழலில், விசாரிக்கப்படுபவரின் மொழியிலேயே வாக்குமூலம் பதியப்பட வேண்டும். தாமதமின்றி அவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். துன்புறுத்தல் புகார் எழுந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பன போன்ற வழிகாட்டு நெறிகளையும் பெரும்பான்மைத் தீர்ப்பு வகுத்தது.

இராஜீவ் காந்தி கொலை வழக்கு

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த கொலை தொடர்பான வாக்குமூலங்கள், இந்நெறிகள் தோன்றுவதற்கு முன்பே பதியப்பட்டவை. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, நால்வருக்கு மரண தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்தது. தடாச் சட்டத்தின்படியான பயங்கரவாதக் குற்றம் எவர் மீதும் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் கூறியது. ஆனால் அச்சட்டத்தின் கீழ் பெறப்பட்ட வாக்குமூலங்கள் கொலைச் சதிக் குற்றச்சாட்டுக்குச் சான்றாக நிலைத்தன. தடாக் குற்றம் விலகியது. பொதுச் சட்டம் ஏற்காத தடாச் சான்று மட்டும் எஞ்சியது.

கைதானபோது 19 வயதினரான பேரறிவாளன், குண்டிற்குப் பயன்பட்ட இரண்டு 9 வோல்ட் மின்கலங்களை வாங்கித் தந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். அவை எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் கூறிய பகுதியைத் தாம் பதியவில்லை என்று, வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே ஓய்வு பெற்றபின் 2013 இல் தெரிவித்தார். 2014 இல் அவரது மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எனினும் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு இரத்து செய்யப்படவில்லை.

காலாவதியும் பின்னரும்

தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா 1995 பிப்ரவரியில், சட்டத்தை நீட்டிக்க வேண்டாம் என நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே மாதத்தில் சட்டம் காலாவதியானது. நிலுவை வழக்குகள் மட்டும் தொடர்ந்தன. 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் தீர்ப்புகள் 2006 இல்தான் வெளிவரத் தொடங்கின.

2002 ஆம் ஆண்டின் பொடாச் சட்டமும் இத்தகைய வாக்குமூலத்தை ஏற்றது. ஆனால் 48 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற காப்பு அதில் சேர்க்கப்பட்டது. 2004 இல் பொடா நீக்கப்பட்டது. அதன் பல கூறுகள் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் இணைக்கப்பட்டாலும், வாக்குமூலப் பிரிவு இணைக்கப்படவில்லை. திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான மகாராட்டிரத்தின் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதையொத்த பிரிவு இடம்பெற்றுள்ளது.