நடுக்குவாதமும் துணியப்படாத நோய்ப்பெயரும்

நோயுற்ற ஒருவன் வைத்தியரை நாடும்போது அவரிடமிருந்து இரண்டினை எதிர்பார்க்கின்றான். ஒன்று தன் நோயின் பெயர். மற்றொன்று அதற்குரிய மருந்து. பெயர் கிடைத்த மாத்திரத்தே நோயிற் பாதி தீர்ந்தாற் போன்றதோர் ஆறுதல் உள்ளத்தில் உண்டாதல் இயல்பு. பெயர் தெரிந்த நோய்க்கு ஒரு போக்கு உண்டு. இனி வருவன இவையென்று சொல்ல வல்லாரும் உளர். ஆயின், எல்லா நோய்களும் தம் பெயரை உடனே வெளிப்படுத்துவதில்லை. கைந்நடுக்கம், உடலிறுக்கம், நடைத் தளர்ச்சி என்பவற்றோடு தொடங்கும் இயக்கக் கோளாறுகள் சில, தேர்ந்த நரம்பியல் நிபுணரிடத்தும் ஆண்டுக்கணக்காகத் தம் உண்மைப் பெயரை மறைத்து நிற்கின்றன. பார்க்கின்சன் நோயாயிருக்கலாம், அதனைப் போன்ற வேறொன்றாயும் இருக்கலாம் என்னும் விடையோடு வீடு திரும்புவோர் உலகெங்கும் உளர். வைத்தியர் அவ்வாறு சொல்ல நேர்வது ஏன், அந்நிலையில் ஒருவர் வாழ்தல் எவ்வாறு என்னும் இரண்டினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நோயை முதன்முதல் முறைப்படி விவரித்தவர், இலண்டன் மாநகரின் ஹொக்ஸ்ரன் பகுதியில் வைத்தியம் புரிந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் (1755–1824) என்பவர். 1817 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் 66 பக்கங்களே கொண்ட ஒரு சிறு நூல். ஆறு பேருடைய நிலையை அதில் அவர் எடுத்துரைத்தார். அவ்வறுவருட் சிலர் அவரிடம் சிகிச்சை பெற வந்தவரல்லர், தெருவிலே காணப்பட்டவர். உடல் முன்னே சாய்ந்திருத்தலையும், நடை ஓட்டமாக மாறுதலையும், ஓய்ந்திருக்கும் கை நடுங்குதலையும் கண்ணால் நோக்கியே அவர் இவையெல்லாம் ஒரே நோயின் குறிகள் எனத் துணிந்தார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே பாரிஸ் நகரின் சல்பெற்றியேர் வைத்தியசாலையிற் பணிபுரிந்த சார்க்கோ என்னும் பேராசிரியர், நடுக்கம் எல்லா நோயாளரிடத்தும் காணப்படுவதில்லை என்பதையும், இந்நோயாளரின் தசைகள் உண்மையில் வாதத்தால் வலுவிழப்பதில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். ஆதலின், நடுங்குவாதம் என்னும் பழம்பெயர் பொருந்தாதெனக் கருதி, கண்டறிந்தவரின் பெயராலேயே நோயை வழங்கலானார். இவ்வாறு நோயின் பெயரைப் பற்றிய ஐயம் அதன் வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது எனலாம்.

நோயின் உறைவிடத்தைக் காண்பதற்கு மேலும் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன. 1912 இல் பிரெடரிக் லூயி என்னும் ஜேர்மானிய ஆராய்ச்சியாளர் இந்நோயாளரின் மூளை உயிரணுக்களினுள்ளே சில நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். 1919 இல் திரெத்தியாக்கொவ் என்பவர், மூளையின் நடுத்தண்டில் உள்ள கருநிறப் பகுதியொன்று இந்நோயில் அழிந்துபோவதைக் காட்டினார். 1957 இல் சுவீடன் நாட்டு ஆவிட் கார்ல்சன், டோபமின் என்னும் இரசாயனப் பொருள் இயக்கத்துக்கு இன்றியமையாததென நிறுவும் பரிசோதனைகளைச் செய்தார். அவருக்கு 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இறந்த நோயாளரின் மூளையில் அப்பொருள் பெரிதும் குறைந்திருத்தலை 1960 இல் வியன்னா நகர ஆராய்ச்சியாளர் கண்டனர். 1967 இல் அமெரிக்காவிலே ஜோர்ஜ் கொற்சியாஸ், மூளையை அடைந்து டோபமினாக மாறும் லெவோடோபா என்னும் மருந்தைச் சிறுகச் சிறுக ஏற்றிப் பேரளவிற் கொடுத்து, அசையாதிருந்தோரை நடக்கச் செய்தார். அப்பொருள் நம்மவர்க்கு முற்றும் புதியதன்று. வேலிகளிலும் பற்றைகளிலும் படரும் பூனைக்காலியின் விதையில் அது உண்டென்பதை 1937 இலேயே சென்னை ஆராய்ச்சியாளர் இருவர் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தனர். அவ்விதையைத் தாமாகவே உண்ணத் தொடங்குதல் தகாது. அதிலுள்ள மருந்தின் அளவு விதைக்கு விதை வேறுபடும்.

இவ்வளவும் அறியப்பட்டிருக்க, நோய்நிர்ணயத்தில் ஐயம் எழுவதேன்? ஓர் உவமையால் இதனை விளக்கலாம். இரவிலே ஒரு வீட்டின் விளக்கு அணைந்துவிடுகின்றது. மின்குமிழ் பழுதாயிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், மின்சாரமே வராதொழிந்திருக்கலாம். காரணம் மூன்றாயினும் கண்ணுக்குத் தோன்றும் இருள் ஒன்றே. நடுக்கமும் இறுக்கமும் மந்தமும் அவ்விருளைப் போல்வன. அவை மூளையின் எந்த வழி தடைப்பட்டது என்பதைக் கூறுமேயன்றி, அதனைத் தடைப்படுத்தியது யாதெனக் கூறா. உண்மையான பார்க்கின்சன் நோயில் டோபமினை வழங்கும் உயிரணுக்கள் அழிகின்றன. அதனைப் பெற்றுக்கொள்ளும் உயிரணுக்களோ பெரும்பாலும் கெடாதிருக்கின்றன. எனவே, மருந்தாக வெளியிலிருந்து அதனை வழங்கின் விளக்கு மீண்டும் எரிகின்றது. இதனைப் போன்ற பிற நோய்களில் வழங்குவனவும் பெறுவனவும் ஒருங்கே கெடுகின்றன. மின்சாரம் வந்தும் குமிழ் இல்லாத வீட்டைப் போல, அங்கே மருந்து சிறிதே பயன்படுகின்றது. அன்றிப் பயன்படாதே போகின்றது.

அவ்வாறு ஒத்துத் தோன்றும் நோய்கள் சில. 1963 இலும் 1964 இலும் கனடாவின் ரொறன்ரோ நகர வைத்தியர் மூவர் விவரித்த ஒரு நோயில், தொடக்கத்திலேயே நோயாளர் பின்புறமாகச் சாய்ந்து விழுவர். கண்களை மேலும் கீழும் செலுத்துதல் அரிதாகும். மாடிப்படியில் இறங்குகையில் அடுத்த படி கண்ணிற் படாது. இதனை மேனோக்குவாதம் என ஈண்டு வழங்குவோம். மற்றொன்றில், எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வருதலும், சிறுநீரை அடக்கவியலாமையும், தள்ளாட்டமும் இறுக்கத்தோடு கூடி வரும். இது உடலின் பல ஒழுங்குகளைத் தாக்குதலாற் பல்லொழுங்குச் சிதைவு எனப்படும். வேறொன்றில் ஒரு கை மாத்திரம் தன் சொற்கேளாது போகும். பிறிதொன்றில், இல்லாத உருவங்கள் இருப்பனபோற் கண்ணுக்குத் தோன்றுதலும் நினைவு தடுமாறுதலும் முந்தி வரும். முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் இவற்றின் சிறப்புக் குறிகள் வெளிப்படாதிருத்தல் கூடும். அக்காலத்தில் இவை யாவும் பார்க்கின்சன் நோயின் உடையையே உடுத்து நிற்கும்.

இவற்றினின்றும் வேறாக, தீர்க்கத்தக்க காரணங்களும் சில உள. ஐயம் நிலவும்போது முதலில் தேடப்பட வேண்டியவை இவையே. மனநோய்க்கும், வாந்திக்கும், தலைச்சுற்றுக்கும் கொடுக்கப்படும் மருந்துகள் சில டோபமினின் செயலைத் தடுத்து, நோயே போன்ற தோற்றத்தை உண்டாக்கும். தலைச்சுற்றுக்கெனத் தொடங்கிய மாத்திரையை ஆண்டுக்கணக்காக விழுங்கி வருவோரிடத்து இது நேர்தல் உண்டு. வைத்தியரின் ஆலோசனையோடு அதனை நிறுத்தினாற் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறிகள் மறையும். மூளையின் உள்ளறைகளில் நீர் மிகுந்து நடை குன்றும் நிலையொன்று 1965 இல் விவரிக்கப்பட்டது. சத்திரசிகிச்சையால் அந்நீரை வடித்து நடையைத் திருத்துதல் பலரிடத்து இயலும். இளவயதினரிடத்து நடுக்கம் காணின், உடலிற் செம்பு தங்குதலால் வருவதும் 1912 இல் கின்னியர் வில்சன் விவரித்ததுமாகிய நோயை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கு மருந்து உண்டு. காலம் தாழ்த்தின் உயிர்க்கே கேடு. கோப்பையை ஏந்தும்போது மாத்திரம் கை நடுங்கி, ஓய்ந்திருக்கையில் நடுங்காதிருப்பின், அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கமாகும்.

இரத்தத்தைச் சோதித்து நோயின் பெயரை ஐயமின்றிச் சொல்லலாகாதோ எனின், அத்தகைய எளிய சோதனை எல்லார்க்கும் கிட்டும் நிலை இன்னும் வரவில்லை. இலண்டனிலே, பார்க்கின்சன் நோயாளர் என உயிரோடிருக்கையில் துணியப்பட்ட 100 பேரின் மூளைகளை இறந்தபின் ஆராய்ந்து, 1992 இல் அதன் முடிவை வெளியிட்டனர். அந்நூறு பேருள் 76 பேருக்கே அந்நோய் உண்மையில் இருந்தது. எஞ்சியோர் வேறு நோயுடையவராயிருந்தனர். டோபமின் நரம்பு முனைகளைப் படம்பிடிக்கும் முறை ஐரோப்பாவில் 2000 ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 2011 இலும் அங்கீகாரம் பெற்றது. அப்படம் நரம்பு முனைகள் குறைந்துள்ளனவா இல்லையா என்பதைக் காட்டும். குறைத்தது பார்க்கின்சன் நோயா, மேனோக்குவாதமா, பல்லொழுங்குச் சிதைவா என்பதைத் தெளிவுறக் காட்டாது. முள்ளந்தண்டு நீரில் உருக்குலைந்த புரதத்தைத் தேடும் புதிய சோதனை அண்மைக்காலத்தில் நம்பிக்கை தந்துள்ளது. ஆயினும் அது எங்கும் வழக்கத்துக்கு வந்துவிடவில்லை. ஆகவே, நிபுணர் கையாளும் முதற் கருவிகள் இன்றும் கண்ணும் கையும் செவியுமே. இரண்டாவது கருவி மருந்து: லெவோடோபாவைப் போதிய அளவிலும் போதிய காலமும் கொடுத்து, உடல் அதற்கு இணங்குகின்றதா எனப் பார்த்தல். மூன்றாவது கருவி காலம். ஆண்டுகள் செல்லச் செல்ல நோய் தன் இயல்பைத் தானே காட்டும். ஆதலின், முதலிற் சொன்ன பெயரை வைத்தியர் பின்னர் மாற்றுவாராயின், அது எப்பொழுதும் அவருடைய பிழையாகாது. அன்று இல்லாத குறி இன்று தோன்றியிருத்தல் கூடும்.

பெயர் மாறுதலும் பெயர் தாழ்த்து வருதலும் மனிதர் வாழ்வில் எவ்வாறு அமைகின்றன என்பதற்கு இருவர் வரலாறு சான்றாகும். டட்லி மூர் என்னும் ஆங்கிலேய நடிகர் தேர்ந்த பியானோ வாத்தியக்காரரும் ஆவர். 1981 இல் வெளியான ஒரு படத்திலே குடிகாரனாக நடித்துப் பெரும்புகழ் பெற்றார். பின்னர் அவருடைய நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது. கண்டோர் அவர் உண்மையிலேயே குடித்துள்ளார் என்று எண்ணினர். தமக்கு மேனோக்குவாதம் உண்டென்பதை 1999 இல் அவர் வெளிப்படுத்தினார். 2002 இல் தம் 66 ஆம் வயதிற் காலமானார். பெயர் அறியப்படாத காலத்தில் நோயின் வருத்தத்தோடு பழியின் வருத்தத்தையும் அவர் சுமக்க நேர்ந்தது. மற்றையவர் அமெரிக்கப் பாடகி லிண்டா றொன்ஸ்ரட். குரல் தம் வசத்தில் நில்லாமையை அவர் பல்லாண்டுகள் உணர்ந்து வந்தார். கைந்நடுக்கத்துக்குத் தோளிற் செய்த சத்திரசிகிச்சையே காரணமென்றும் எண்ணினார். 2013 இல் தமக்குப் பார்க்கின்சன் நோய் உண்டென அறிவித்தார். 2019 இலே அப்பெயர் மாறி, அவருடைய நோய் மேனோக்குவாதம் எனத் தெரியவந்தது. மேடையை விட்டு நீங்கிய பின்னரும் மனத்தினுள்ளே பாடிக்கொண்டிருப்பதாக அவர் கூறியுள்ளார். நோயின் பெயர் மாறிய அன்று அவருடைய உடல் மாறிவிடவில்லை; முந்திய நாள் இயன்றது அன்றும் இயன்றது, இயலாதது அன்றும் இயலவில்லை. இவ்வுண்மை ஐயத்தோடு வாழ்வார் யாவர்க்கும் உரியது.

இனி, அவ்வாறு வாழ்வோர் செய்யத்தக்கன யாவை? நோயின் பெயருக்குக் காத்திராது, தோன்றிய குறிகளுக்குப் பரிகாரம் தேடுதல் முதலாவது. உடற்பயிற்சி, நடைப்பயிற்சி, பேச்சுப் பயிற்சி என்பன பெயர் எதுவாயினும் பயன்தருவன. உணவை விழுங்கும்போது புரைக்கேறுமாயின் அதனை உடனே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். இந்நோய்களில் உயிர்க்கு வரும் ஆபத்துட் பெரியதொன்று உணவு சுவாசக் குழாயினுட் செல்லுதலாகும். விழுகின்றவர்க்கு வீட்டின் வாயிற்படியும், குளிக்கும் இடத்தின் ஈரமும், இருளும் பகை. கைபிடியும் ஒளியும் அமைத்தல் எளிது. இரண்டாவது, குறிப்பெழுதி வைத்தல். எந்த நாளில் விழுந்தார், எப்பக்கம் விழுந்தார், மருந்து உண்டபின் எத்தனை நாழிகையில் உடல் இளகிற்று, உண்ணும் பிற மருந்துகள் எவை என்பவற்றை வீட்டார் ஒரு கொப்பியிற் குறித்து வருவராயின், பத்து நிமிட நேரமே நோயாளியைக் காணும் நிபுணருக்கு அக்கொப்பி ஆண்டு முழுவதையும் காட்டும். மூன்றாவது, மருந்து பயன்படவில்லை எனத் தோன்றினும் அதனைத் தாமாகவே திடீரென நிறுத்தாமை. நிறுத்தின் கடுங்கேடு விளையும்.

சுற்றத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. இந்நோய்களில் முகத்தின் தசைகள் அசைவு குன்றி, முகம் முகமூடி போலாகும். பேரன் ஓடி வரும்போது பாட்டனார் புன்னகை செய்யாதிருத்தல் அன்பின்மையாலன்று. அன்பு உள்ளே இருக்க, அதனை வெளியிடும் தசை இயங்காமையாலாகும். கேட்ட கேள்விக்கு விடை தாழ்த்து வருதல் அறிவின்மையாலன்று. விடை வரும்வரை காத்திருத்தலே அவர்க்குச் செய்யும் மரியாதை. நோயின் பெயர் என்ன என்று காணுந்தோறும் வினவும் அயலாரும், அவ்வினாவுக்கு விடையில்லாமையே நோயாளியின் பெரிய வருத்தம் என்பதை உணர்தல் நன்று.

திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்திலே, நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிந்து செயற்படுமாறு வைத்தியருக்குக் கூறினார். அவ்வதிகாரத்தின் முடிவிலே மருத்துவத்தை நான்கு கூறாகவும் வகுத்தார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்வோர். நோயின் காரணம் துணியப்படாத இடத்து மருந்து குறையுடையதாகலாம். ஏனைய மூன்றும் குறைபடுதல் வேண்டியதில்லை. அறியாததை அறியேன் என்று சொல்லி மீண்டும் மீண்டும் நோக்கும் வைத்தியரும், தன் உடலை உற்றுநோக்கிக் குறித்து வைக்கும் நோயாளியும், பெயர் கேளாது கை கொடுக்கும் சுற்றத்தாரும் வாய்ப்பாராயின், பெயர் தெரியாத ஆண்டுகளும் வாழ்ந்த ஆண்டுகளாகவே அமையும்.