மழைக்கென வெட்டிய வழி

இன்றைய தியாகராய நகர் நூறாண்டுகளுக்கு முன்பு நீர் நின்ற இடம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வடித்து, மனை பிரித்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்களை அமைத்தார்கள். ஏரி போன பிறகும் மழை அந்தப் பள்ளத்தைத்தான் தேடி வந்தது. அதை வாங்கி, நந்தனம் வழியாக அடையாற்றில் சேர்க்கும் பொறுப்பு மாம்பலம் கால்வாய்க்கு வந்தது. தெருவோர வடிகால்களுக்கு இருந்தது ஒரே வேலை: பெய்த மழையைக் கால்வாயில் கொண்டு விடுவது.

அன்று ஒரு கிரவுண்டில் ஒரு வீடு இருந்தது. கிணற்றடியில் குளித்த தண்ணீரும் பாத்திரம் தேய்த்த தண்ணீரும் கொல்லையில் வாழைக்கும் தென்னைக்கும் போயின. கழிவறை வீட்டை விட்டுத் தள்ளி, பின்சந்தை ஒட்டி இருந்தது. பழைய சென்னையின் பல பகுதிகளில் அது எடுப்புக் கக்கூஸ்தான். வாளியும் தகரத் துண்டுமாக வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். தெருவில் மழைநீர் ஓரளவு சுத்தமாக ஓடியதற்கு அவர்கள் உழைப்பும் ஒரு காரணம். அந்தச் சுத்தத்தின் பாரத்தைச் சில சாதிகளின் தலையில் ஏற்றி வைத்திருந்தோம். அன்றைய தெருவை நினைத்து ஏங்குகிறவர்கள் அந்தப் பின்சந்தையையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பாதாள சாக்கடை வந்து அந்தச் சந்துக்கு முடிவு கட்டியது. சென்னையின் கழிவுநீர்த் திட்டம் 1910 வாக்கில் வகுக்கப்பட்டது. 1961இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் என்பது அதன் கணக்கு. 1961 வந்தபோது மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2011இல் பழைய மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 46 லட்சம் பேர். இடையில் குழாய்களை நீட்டினார்கள், உந்து நிலையங்களைக் கூட்டினார்கள். ஆனாலும் நகரம் எப்போதும் குழாயை முந்திக்கொண்டே வளர்ந்தது.

ஒரு மனையை மட்டும் எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். ஒரு வீடு நின்ற கிரவுண்டில் இன்று எட்டு ஃப்ளாட்டுகள். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 32 பேர். ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. ஆக, அந்த ஒரு மனையிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,450 லிட்டர் கழிவுநீர் தெருக்குழாயில் இறங்குகிறது. அதில் ஒரு குடத்தையாவது வாங்கிக்கொள்ளக் கொல்லையில் வாழை இல்லை. அந்த இடத்தில் கார் நிற்கிறது.

குழாயில் துணியும் நாப்கினும் உறைந்த எண்ணெய்க் கட்டியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்போது கழிவுநீர் வந்த வழியே திரும்புகிறது. முதலில் தரைத்தளக் குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டை குமிழி விடும். அடுத்து வாசல் சேம்பர் நிரம்பும். பிறகு தெரு மேன்ஹோல் மூடியின் விளிம்பில் கறுப்பாகக் கசிந்து, சாலைச் சரிவில் இறங்கி, மழைநீருக்காக விட்ட திறப்பில் போய் விழும். அடைப்பெடுக்கும் லாரி வரத் தாமதமானால், மேன்ஹோலில் மோட்டாரை இறக்கி வடிகாலிலேயே இறைத்துவிடுவதும் நடக்கிறது. சில கட்டடங்கள் கழிவுக் குழாயை நேராக வடிகாலிலேயே செருகியிருக்கின்றன. இதற்கு நேர்மாறாக, மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடையில் விட்ட வீடுகளும் உண்டு. அந்தக் கூடுதல் தண்ணீரும் சேர்ந்துதான் பெருமழையில் மேன்ஹோல்களைப் பொங்க வைக்கிறது.

சாக்கடைக் குழாயின் மறுமுனையில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. வடிகாலின் மறுமுனையில் கால்வாயும் ஆறும் கடலும்தான். போகும் வழியிலும் அது சும்மா போவதில்லை. நிலத்தடி நீரைக் கூட்டவென்று சில வடிகால்களுக்குள் உறிஞ்சு கிணறுகள் அமைத்திருக்கிறார்கள். மழை இறங்க வேண்டிய அந்தக் கிணற்றில் கழிவு இறங்குகிறது. 2003இல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு ஊறத் தொடங்கிய வீட்டுக் கிணறுகளுக்கும் இதே ஆபத்துதான். குடிநீர்க் குழாயில் விரிசல் இருந்து, தண்ணீர் வராத நேரத்தில் அழுத்தமும் இல்லாவிட்டால், சுற்றியிருக்கும் அழுக்கு உள்ளே புகும். அடுத்த முறை குழாயைத் திறந்ததும் முதல் குடத்தில் வாடை அடிக்கும்.

மேற்கு மாம்பலம் ஒரு காலத்தில் கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பேர்போனது. அந்த நோய் அநேகமாகப் போய்விட்டது. அதைப் பரப்பிய, அழுக்கு நீரில் பெருகும் கொசு போகவில்லை. அன்று அது திறந்த சாக்கடையில் வளர்ந்தது. இன்று சிமென்ட் மூடிக்கு அடியில் வளர்கிறது. சித்திரை வெயிலில் அந்த மூடியைத் தூக்கினால் வடிகால் சருகும் மண்ணுமாகக் காய்ந்து கிடக்க வேண்டும். பல தெருக்களில் கணுக்கால் அளவுக்குக் கறுப்பு நீரும் மேலே சோப்பு நுரையும் தெரிகின்றன. மழையில்லாத மாதத்தில் மழைநீர் வடிகாலில் எது ஓடினாலும் அது கழிவுதான். சோதனைச்சாலைக்கு அனுப்பித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பெற்றதும் குறைவல்ல. 2015 வெள்ளத்துக்குப் பின்னும், தியாகராய நகர் மூழ்கிய 2021 மழைக்குப் பின்னும் நகரம் பல நூறு கிலோமீட்டர் வடிகால் கட்டியது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் தரத்துக்குச் சுத்திகரிக்கும் வசதி இருக்கிறது. வாளியும் கயிறும் இருந்த இடத்தில் ஜெட்டிங் வண்டி வந்திருக்கிறது. கையால் மலம் அள்ளுவதை 1993இலும் 2013இலும் சட்டங்கள் தடை செய்தன. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை உயர்ந்தது, குழிக்குள் மனிதர் இறங்குவதும் சாவதும் இன்னும் நிற்கவில்லை.

1978இல் குடிநீர் வாரியம் அமைந்த பின் சாக்கடைக் குழாய் அதன் பொறுப்பாயிற்று. வடிகால் மாநகராட்சியிடம் நின்றது. ஒரே தெருவில் சில அடி இடைவெளியில் ஓடும் இரண்டையும் ஒன்றாக நின்று பார்க்கும் கண் வேண்டும். ஐப்பசிக்கு முன் அவசரமாகத் தூர்வாருவதோடு நிறுத்தாமல், கோடையிலேயே வடிகாலைத் திறந்து, எந்தக் கட்டடத்தின் குழாய் அதில் விழுகிறது என்று கண்டு, துண்டித்துச் சாக்கடையில் சேர்க்க வேண்டும். பெருகிய வீடுகளுக்கு ஏற்பக் குழாயையும் பெரிதாக்க வேண்டும். எண்ணெயையும் துணியையும் குழாயில் போடாமல் இருப்பது நம் பங்கு.

அன்று மழைநீர் சுத்தமாக ஓடச் சிலர் பிறர் மலத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. யாரும் சுமக்காமலே அது சுத்தமாக ஓடுவதற்கான குழாயும் இயந்திரமும் சட்டமும் இன்று நம்மிடம் இருக்கின்றன. அன்றைய தலைமுறைக்கு இந்த வாய்ப்பு இருக்கவில்லை. கிடைத்த பிறகும் இரண்டு தண்ணீரையும் கலக்கவிட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பழியை நாம்தான் ஏற்க வேண்டும்.