தோற்றவர் மேடைக்கு வரவும்!

பம்பரம் விட்டவர்களுக்கு ‘ஆக்கர்’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சாட்டையால் பம்பரத்தைத் தூக்கிப் பிடித்து ‘அபீட்’ சொல்லத் தவறியவனின் பம்பரம் வட்டத்துக்குள் போய்விடும். மற்றவர்கள் தங்கள் பம்பர ஆணியால் அதைப் பதம் பார்ப்பார்கள். கோலியில் இன்னும் மோசம். தோற்றவன் விரல்களை மடக்கி முட்டியைத் தரையில் வைக்க, ஜெயித்தவன் குறி பார்த்துக் குண்டால் அடிப்பான். கிட்டிப்புள்ளில் அடி கிடையாது. புள் விழுந்த இடத்திலிருந்து குழிவரைக்கும் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஓடி வர வேண்டும். பாட்டு பாதியில் அறுந்தால் சுற்றி நிற்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

தெரு விளையாட்டில் தண்டனையும் ஆட்டத்தின் விதிகளில் ஒன்று. மளிகைக்கடைக்காரர் மகனானாலும் சரி, வாத்தியார் மகனானாலும் சரி, முட்டி பெயரத்தான் செய்யும். யாரும் உட்கார்ந்து யோசித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டம் வீட்டுக்குள்ளும் ஹாலுக்குள்ளும் வந்த பிறகுதான் சிக்கல். கல்யாண வீட்டு மொட்டைமாடி, ஆபீஸ் பொங்கல் விழா, அபார்ட்மென்ட் புத்தாண்டு இரவு என்று எங்கே பார்த்தாலும் மியூசிகல் சேர், பாஸிங் தி பார்சல், ஏழும் அதன் மடங்குகளும் வரும்போது ‘பஸ்’ என்று சொல்லும் ஆட்டம். தோற்றவர் என்ன செய்ய வேண்டும் என்பதை மைக் பிடித்திருப்பவர்தான் முடிவு செய்கிறார். ஆளைப் பார்த்துத்தான் செய்கிறார். மேனேஜர் மாட்டினால், “சார், ரெண்டு வரி பாடுங்க சார்!” போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையன் மாட்டினால், “குரங்கு மாதிரி நடந்து காட்டுடா!” புது மருமகள் மாட்டினாலோ நாத்தனார் எழுந்து நின்று யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இந்த ஓரவஞ்சனைக்கு 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் அழகான மருந்து ஒன்று இருந்தது. ‘ஃபார்ஃபிட்ஸ்’ என்பது ஆட்டத்தின் பெயர். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில், கதைநாயகன் ஸ்க்ரூஜின் சகோதரி மகன் வீட்டு விருந்திலும் இதை ஆடுகிறார்கள். ஏதாவது ஒரு விளையாட்டில் தவறு செய்தவர் உடனே தண்டனை அனுபவிக்க மாட்டார். கையுறை, கைக்குட்டை, மோதிரம் என்று தன் பொருள் ஒன்றை அடகாகக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார். பொருள்கள் சேர்ந்ததும் தீர்ப்புச் சொல்ல ஒருவரை மண்டியிட வைத்து, முகத்தை இன்னொருவர் மடியில் புதைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அவர் தலைக்கு மேலே ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்து, “இதன் சொந்தக்காரர் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்பார்கள். யாருடையது என்று தெரியாமலேயே அவர் தண்டனை சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்தால்தான் பொருள் திரும்பக் கிடைக்கும்.

இதில் இருக்கும் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். கடுமையாகச் சொன்னால், அது தன் கைக்குட்டையாகவே இருந்துவிடலாம் என்ற பயம் தீர்ப்பு சொல்பவருக்கு இருக்கும்.

தண்டனைகளிலும் குறும்பு அதிகம். அடுப்பு கிளறும் இரும்புக்கம்பியில் ‘ஓர் அங்குலம் கடி’ என்பார்கள். கம்பியை வாயிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக் காற்றைக் கடித்தால் போதும். ‘உன்னைச் சாவித்துவாரம் வழியாக நுழை’ என்றால், துண்டுச்சீட்டில் ‘உன்னை’ என்று எழுதிச் சுருட்டித் துவாரத்தில் தள்ள வேண்டும். ‘இடது கையால் தொட முடியாத இடத்தில் வலது கையை வை’ என்பதற்கு விடை இடது முழங்கை. அறையின் ஒரு மூலையில் சிரித்து, அடுத்த மூலையில் அழுது, மூன்றாவதில் பாடி, நான்காவதில் ஆடுவதும் உண்டு. முத்தத் தண்டனைகளுக்கும் பஞ்சமில்லை. ‘உனக்கு மிகவும் பிடித்தவருக்கு, அது யாரென்று எவருக்கும் தெரியாதபடி முத்தம் கொடு’ என்றால், சபையில் இருக்கும் எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டியதுதான். நம் ஊர் ஹாலுக்கு இது தோதுப்படாது, விட்டுவிடலாம்.

ஜப்பானியர்களுக்குத் தோற்றவரைத் தண்டிப்பது புத்தாண்டுச் சம்பிரதாயத்தில் ஒன்று. மட்டையால் இறகுப்பந்தைத் தட்டும் ‘ஹனெட்சுகி’ ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டவர் முகத்தில் தூரிகையால் கறுப்பு மை பூசுவார்கள். ஆட்டம் முடியும்போது பாதிக் குடும்பம் கரிமுகத்தோடு நிற்கும். தண்டனை விளையாட்டுக்கு அங்கே ‘பட்சு கேம்’ என்று தனிப்பெயரே உண்டு. தொலைக்காட்சி இதைப் பெரிய வியாபாரமாக்கியது. 2006 முதல் 2020 வரை ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் ‘சிரிக்கக் கூடாது’ என்ற நிகழ்ச்சி ஒளிபரப்பானது. நகைச்சுவை நடிகர்களை அடைத்து வைத்து விதவிதமாகச் சிரிப்பு மூட்டுவார்கள்; சிரித்தவருக்குப் பின்புறத்தில் அடி. 2021இல் அந்த ஆண்டு இறுதி நிகழ்ச்சி வரவில்லை. ஒருவருக்கு வலிப்பதைக் காட்டிச் சிரிக்கவைப்பது சரிதானா என்று அந்நாட்டு ஒளிபரப்பு நெறிமுறை அமைப்பு அதே ஆண்டு விவாதிக்க ஆரம்பித்து, 2022இல் தன் கருத்தையும் வெளியிட்டது.

நாம் ஜப்பான்வரை போக வேண்டாம். தமிழ்நாட்டில் 1997இலேயே பகடிவதைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஒரு மாணவர் வழக்கமாகத் தானே விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதையும் அது பகடிவதை என்றே கணக்கில் எடுக்கிறது. கல்லூரி வரவேற்பு விழாவில் ‘சும்மா ஜாலிக்கு’ என்று ஜூனியரை ஆடச்சொல்லும் சீனியர்கள் அந்த வரியை ஒருமுறை படிக்கலாம். பார்ட்டி விளையாட்டுக்குச் சட்டம் தேவையில்லைதான். ஆனால் தோற்றவர் தானும் சிரித்தபடி எழுந்து வருகிறாரா, மனைவி முகத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்க்கிறாரா என்பதைக் கவனிக்க மைக் பிடித்திருப்பவருக்குக் கண் வேண்டும்.

அடுத்த விழாவுக்கு அடகு முறையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். வாட்ச், சாவிக்கொத்து, கைக்குட்டை ஒரு தாம்பாளத்தில் சேரட்டும். தீர்ப்புச் சொல்லும் வேலையைப் பாட்டியிடம் கொடுத்துக் கண்ணைக் கட்டிவிடுங்கள். தண்டனைகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுவதானால் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். கிரிக்கெட் வர்ணனையாளர் குரலில் சாம்பார் வைக்கும் முறையைச் சொல்வது. ஓர் ஆங்கிலச் சொல்லும் கலக்காமல் தன் ஆபீஸ் வேலையை விளக்குவது. பஸ் கண்டக்டராக மாறிச் சபையில் இருக்கும் எல்லோருக்கும் டிக்கெட் கிழிப்பது. பேசாமல் சைகையாலேயே காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவது. கூச்சப்படுகிறவர் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், பாதிப் பேருக்குத் தயக்கம் போய்விடும். பச்சை மிளகாய் தின்னச் சொல்வது, செல்போனைப் பிடுங்கி யாருக்காவது மெசேஜ் அனுப்புவது, உடம்பையோ சம்பளத்தையோ கல்யாணத்தையோ கிளறுவது எதுவும் வேண்டாம். வீடியோ எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். ஃபேமிலி குரூப்பில் ஒருமுறை ஏறியது இறங்காது.

குலுக்கும் சீட்டுகளில் ஒன்றை மட்டும் யாருக்கும் சொல்லாமல் எழுதிப் போட்டு வையுங்கள்: ‘இதை மைக் பிடித்திருப்பவரே செய்ய வேண்டும்.’